புர்கியை லிஃப்டில் ஏற்ற முடியவில்லை

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. போன பிப்ரவரியில், எங்கள் பள்ளத்தாக்குப் பேருந்தின் பின்சீட்டில் ஒரு பெண், பனிச்சறுக்குக்காரர்களைக் கம்பியில் மலைமேல் தூக்கிப்போகும் லிஃப்டைப் பற்றிக் கணவனிடம் சொன்னாள்: "லிஃப்டுல ஏறி எறங்க ஒரு வழிகாட்டியா? அதுக்கு நான் வீட்லயே மாவு பெசைஞ்சுக்கிட்டு இருப்பேனே!" நான் கேட்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைவேலை.

2

முதல் தொடக்கம்: டிரோல் மலைகளின் மேல் இளங்காலை வெளிச்சம் மெல்ல...

வேண்டாம். இங்கே எவனும் மலையை அப்படிப் பார்ப்பதில்லை. ராத்திரி காற்று எந்தப் பக்கம் பனியைக் குவித்தது என்றுதான் பார்ப்பான்.

இரண்டாவது: இரண்டு குளிர்காலத்துக்கு முன் புர்கி பனிச்சரிவில் புதைந்தாள். கணவன் லோய்ஸ் தேடித் தோண்டி எடுத்தான். அதன்பின் இருவரும் பனிச்சறுக்குக்கே போகவில்லை. இந்தத் திருமண நாளுக்கு செவெரின் என்ற வழிகாட்டியை அமர்த்தியிருக்கிறார்கள். லிஃப்டும் காவலும் உள்ள சறுக்குத் தளமா, எதுவுமே இல்லாத காட்டுமலையா என்பதில்தான் சண்டை.

இது போதும். அலங்காரம் பிறகு.

3

லிஃப்டும் காட்டுப்பாதையும் பிரிகிற கார் நிறுத்துமிடத்தில் அவர்களை நிறுத்துகிறேன்.

"தளத்துலயே செவெரின்கிட்ட ரெண்டு வளைவு புதுசாக் கத்துக்கலாம். மத்தியானம் சீஸ் உருண்டை போட்ட சூப்பு. வேற என்ன வேணும் ஒனக்கு?" என்றான் லோய்ஸ்.

"மலை வேணும்."

"அந்த மலைதான் ஒன்னை முழுங்குச்சு."

"துப்பிடுச்சுல்ல?"

[அவளை லிஃப்டில் உட்கார வைக்க நானும் படாத பாடு பட்டேன். வைத்தால் கதை பத்திரமாக முடியும். ஒவ்வொரு தடவையும் இறங்கி நடந்துவிட்டாள். என் பேச்சுக்கு என் வீட்டிலேயே மரியாதை கிடையாது, கதையில் மட்டும் எங்கிருந்து வரும்?]

செவெரின் இருவரையும் பார்த்தான். "ரெண்டு பக்கமும் கூட்டிட்டுப் போவேன். இன்னைக்குப் பனி அடங்கித்தான் இருக்கு. மேல போனா செங்குத்துப் பக்கம் கிடையாது, காட்டு ஓரமாத்தான். நான் திரும்புன்னா திரும்பணும். முதல்ல சோதனை. ஒவ்வொருத்தரா வாங்க."

4

காட்டுமலைக்குப் போகிறவர்கள் நெஞ்சில் ஒரு கருவி கட்டுவார்கள். அது சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் 'தேடு' என்று மாற்றி, அந்தச் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு வந்து தோண்டுவார்கள். கிளம்புமுன் வழிகாட்டியின் கருவி தேடும். எல்லோரும் அவனைக் கடந்து நடக்கவேண்டும்.

புர்கி கடந்தாள். பீப், பீப்.

லோய்ஸ் கடந்தான். சத்தமே இல்லை.

"பாட்டரியா?" என்று அவன் மேலங்கியை விலக்கிப் பார்த்தான் செவெரின். பாட்டரி முழுசாக இருந்தது. கருவி 'தேடு'வில் இருந்தது; அப்படி இருக்கும்போது அது எதையும் அனுப்பாது.

"வீட்லயே மாத்தி வச்சுட்டேன்," என்றான் லோய்ஸ். "இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா... மாத்துற நேரமாவது மிச்சமாகட்டும்னு."

இந்த இடத்தில் எனக்கு ஒரு பிரமாதமான வாக்கியம் வந்தது: அந்த மனிதன் இரண்டு வருடமாக இன்னும் அந்தச் சரிவிலேயே...

அடித்துவிட்டேன். புர்கி நன்றாகவே பேசுவாள்.

"அடப் பைத்தியக்காரா! நீ புதைஞ்சா நான் எங்கேன்னு போய்த் தோண்டுறது?" அவளே கருவியை 'அனுப்பு'வுக்குத் தள்ளினாள். "என்னைத் தேடுனது போதும் லோய்ஸ். நான் இங்கதான் நிக்கிறேன், பாரு."

லோய்ஸ் அழுதான். பயம் அவளுக்குத்தான் என்று எழுத உட்கார்ந்தவன் நான். பயமெல்லாம் அவனிடம் இருந்திருக்கிறது.

5

முடிவுகள்:

(அ) மூவரும் மேலே போய், அருமையாகச் சறுக்கி, சிரித்தபடி... தித்திப்பு அதிகம்.

(ஆ) பனிச்சரிவு. எழுத மாட்டேன். அதை எழுதிவிட்டு இந்த ஊர் ரொட்டிக் கடையில் நான் வரிசையில் நிற்க முடியாது.

(இ) மூவரும் லிஃப்டில். அதைத்தான் பார்த்தோமே.

சறுக்குக் கட்டைகளின் அடியில், ஏறும்போது பின்னால் வழுக்காமல் பிடிக்கும் ஏறுபட்டையை ஒட்டி, புர்கி நிமிர்ந்தாள். "வா. இல்லேன்னா லிஃப்டுக்குப் போ, அங்கயும் ஒனக்கு ஒரு வழிகாட்டி கிடைப்பான். கோவிச்சுக்க மாட்டேன், சத்தியமா. ஆனா நான் ஏறப்போறேன்."

செவெரின் முன்னே நடக்க, அவள் பின்னாலேயே ஏறினாள். லோய்ஸ் கார் பக்கத்தில் நிற்கிறான்.

அவனை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், எனக்குத் தெம்பில்லை. சீக்கிரம் செய்யுங்கள். புர்கி முதல் திருப்பத்தைத் தாண்டிவிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.