தாரா வேட்டைக்கு ஒரு குட்டி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எழுதுகிறவர் ஒரு நாய்க்குட்டியைப் பிடரித் தோலில் பிடித்துத் தூக்கியதால்தான் இந்தக் கதை உண்டானது.

எழுதுகிறவரின் பெயர் நவரத்தினம். "நான்" என்று எழுதியிருக்கலாம். எழுதியும் பார்த்தார். "நான் குட்டியைத் தூக்கினேன்" என்று வாசிக்கிற எவரும் உடனே குட்டியின் கட்சிக்குப் போய்விடுவார்கள் என்று பயம் வந்தது. "நவரத்தினம் தூக்கினார்" என்றால், ஆரோ ஒரு விசரன் தூக்கியிருக்கிறான் என்று வாசகர் கடந்து போவார். ஆகவே இனி அவர் "அவர்"தான்.

இடம், டென்மார்க்கில் ரண்டர்ஸுக்கு வெளியே கிர்ஸ்டன் என்ற பெண்மணியின் பண்ணை. காலம், 1988 ஆவணி. புல்லில் ஏழு கறுத்த லப்ரடோர் குட்டிகள். அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிற நூல். ஊரில் நாய்க்குட்டி எடுக்கப் போனால் சோதனை ஒன்றுதான்: பிடரியில் பிடித்துத் தூக்க வேண்டும். கத்தினால் கோழை, கத்தாவிட்டால் வீரன். நவரத்தினம் ஒருவரையும் கேட்காமல் மஞ்சள் நூல் குட்டியைத் தூக்கினார்.

குட்டி கத்தவில்லை. கத்தியது கிர்ஸ்டன்.

குட்டியும் சும்மா இருக்கவில்லை. செஞ்சிலுவைக் கடையில் அவர் ஆசையாக எடுத்த கோட்டில் ஒன்றுக்குப் போனது. அதுவரை சிரித்துப் பேசி, கேக் வெட்டித் தந்த கிர்ஸ்டன், கைகளைக் கட்டிக்கொண்டு வேலியில் சாய்ந்து, கேள்வி கேட்கத் தொடங்கினாள். அந்தக் கேள்விதான் கதை. ஆனால் அதற்குள் போக முதல்—

2

கைவிட்ட தொடக்கங்கள் இவை. எறிய மனம் வரவில்லை.

(அ) "நாணல்களுக்கு மேல் பனிமூட்டம் வெள்ளைச் சேலைபோல—" [டென்மார்க்கில் மூட்டத்துக்கு ஆர் சேலை கட்டிவிட்டது? வெட்டு.]

(ஆ) "அகதிக்கும் நாய்க்கும் இடையிலான ஒப்புமை யாதெனில்—" [நாயே எழும்பிப் போய்விடும். வெட்டு.]

(இ) "ஐவின்ட் என்ற கிழவருக்கு ஒரு நாய் தேவைப்பட்டது."

இது நல்லது. இதில் பொய் இல்லை.

ஐவின்டுக்கு எழுபத்திரண்டு வயது. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. கடல் ஊருக்குள் கைநீட்டிப் படுத்திருக்கிற ரண்டர்ஸ் பியோர்ட் கரையில் ஒரு வீடு, ஒரு தட்டை வள்ளம், ஒரு துவக்கு. அவருடைய மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறவர் யேசுரட்ணம். மன்னார்க் கடலில் தொழில் செய்தவர், இப்போது இறைச்சித் தொழிற்சாலையில் பன்றிக்குக் கத்தி வைக்கிறார். நவரத்தினம் அதே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர். சனி, ஞாயிறுகளில் யேசுவிடம் சாப்பிட வந்து, ஐவின்டின் குசினி மேசையில் கதை எழுதுவதாகப் பாவனை செய்கிறவர்.

3

[இந்த இடத்தில் ஐவின்டைப் பற்றி ஒரு சந்தேகம். எங்கள் ஆட்கள் எழுதுகிற கதைகளில் வருகிற வெள்ளைக்காரர் ஒன்றில் தேவதூதர், அல்லது பிசாசு. ஐவின்ட் இதுவரை தேவதூதர் பக்கம் சாய்ந்துபோகிறார். ஆகவே பதிவு செய்யப்படுகிறது: அவர் சீட்டில் களவு செய்வார். கோப்பியை மூன்றாம் தரமும் அதே தூளில் வடிப்பார். யேசு மீன்குழம்பு வைக்கிற நாளில் பெரிய ஆரவாரத்தோடு சன்னலைத் திறப்பார், பிறகு இரண்டு கோப்பை சாப்பிடுவார்.]

போன மாரியில் ஐவின்டின் பழைய நாய் செத்துப்போனது. நாய் இல்லாமலே ஒருநாள் தாரா வேட்டைக்கு, அதாவது காட்டு வாத்துச் சுட, போனார்கள். ஐவின்ட் சுடுவார், யேசு வள்ளம் வலிப்பார். யேசு துவக்கைத் தொடமாட்டார். வெடிக்கிற நேரம் துடுப்பை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். அன்று ஒரு காட்டுத் தாரா அடிபட்டு நாணலுக்குள் விழுந்தது. நாய் இருந்தால் போய்க் கவ்விக்கொண்டு வரும். நாய் இல்லை. "உயிரோடை கிடந்து இழுபடுதே" என்று சொல்லிக்கொண்டு, யேசு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஐஸ் ஓரம் கட்டியிருந்த தண்ணீருக்குள் நெஞ்சளவுக்கு இறங்கி, தாராவைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தார்.

அன்று பின்னேரம் கணப்புக்கு முன்னால் மூன்று போர்வைக்குள் யேசு நடுங்கிக்கொண்டிருக்க, ஐவின்ட் சொன்னார்: "நாயின் வேலையை ஒரு மனிதன் செய்யக் கூடாது. இனி நாய் இல்லாமல் நான் போகமாட்டேன்."

யேசு போர்வைக்குள்ளிருந்து தமிழில் சொன்னார்: "நாயெண்டால் சம்பளமும் கேக்காது எண்டு சொல்லுங்கோ நவமண்ணை."

நவரத்தினம் இதை மொழிபெயர்க்கவில்லை.

4

வேட்டைக்காரர் சஞ்சிகையில் தேடிக் குட்டிகள் இருந்த மூன்று இடங்களுக்குப் போனார்கள். முதல் இடத்தில் நாய்கள் கண்காட்சிக்கு வளர்த்தவை, கல்யாண வீட்டு மாமாக்களைப்போலக் கொழுத்திருந்தன. "இவை தண்ணீரில் இறங்கினால் நாங்கள் எல்லாரும் போய் இழுக்க வேண்டும்" என்றார் ஐவின்ட். இரண்டாவது இடத்தில் தாய் நாயைக் காட்ட மறுத்தார்கள். "தாயைக் காட்டாதவனிடம் குட்டி வாங்காதே" என்றபடி அவர் காருக்குத் திரும்பினார். [நவரத்தினம் இதைக் கல்யாணப் பேச்சுக்கும் பொருத்தலாம் என்று குறித்துவைத்தார்.]

மூன்றாவது கிர்ஸ்டன். தாய் நாயை அவர்கள் முன்னால் குளத்தில் இறக்கிக் காட்டினாள். அது எறிந்த பொம்மையை மெத்தென்று கவ்வி வந்து கையில் வைத்தது. பல் பட்ட அடையாளம் இல்லை. "வாய் மென்மையாக இருக்க வேண்டும். தாராவைச் சப்புகிற நாயால் பிரயோசனமில்லை" என்று ஐவின்ட் விளக்கினார்.

பிறகு குட்டிகளுக்குச் சோதனை. துவக்குச் சத்தத்துக்குப் பயப்படுமா என்று பார்க்க, கிர்ஸ்டன் எச்சரிக்காமல் சட்டி மூடியில் இரும்புக் கரண்டியால் ஓங்கி அடித்தாள்.

ஏழு குட்டிகளும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டன. நிலத்தில் குப்புறக் கிடந்தவர்கள் இரண்டு தமிழர்.

கிர்ஸ்டனின் முகம் வெளுத்துப்போனது. ஐவின்ட் வந்து, முதலில் யேசுவையும் பிறகு நவரத்தினத்தையும் தூக்கிவிட்டு, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டினார். பிறகு, "இந்த இரண்டையும் நான் வேட்டைக்கு எடுக்கமாட்டேன்" என்றார். முதலில் சிரித்தது யேசு. அதனால்தான் மற்றவர்களும் சிரிக்க முடிந்தது.

அடுத்தது தாராச் சிறகு. நூலில் கட்டி எறிந்தால் குட்டி என்ன செய்கிறது என்று பார்ப்பது. ஏழில் மூன்றுதான் பேசும்படி இருந்தன.

சிவப்பு நூல்: சிறகைப் பறித்துக்கொண்டு கொட்டிலுக்கு அடியில் ஓடியது. நெருப்பு. ஐவின்டுக்குப் பிடித்தது.

மஞ்சள் நூல்: அசையாமல் இருந்து, சிறகு போன திசையையே பார்த்தது. நவரத்தினத்துக்குப் பிடித்தது. காத்திருக்கிற குட்டி! காத்திருக்கிற மனிதர்! இந்த இடத்தில் அவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். வாசித்துக் காட்டியபோது யேசு சொன்னார்: "அது நித்திரை தூங்கினது, அண்ணை." ஒன்றரைப் பக்கமும் போயிற்று.

வெள்ளை நூல்: எல்லாவற்றிலும் சின்னன், பெட்டை. சிறகைக் கவ்விக்கொண்டு நடுப்புல்லில் நின்று யோசித்தது. யேசு குந்தியிருந்து, "இஞ்சை வா, இஞ்சை வா ராசாத்தி" என்றார். டெனிஷ் மட்டுமே தெரிந்த குட்டி வந்து, அவருடைய உள்ளங்கையில் சிறகை வைத்தது. அதை ஒருவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நவரத்தினம் மஞ்சள் நூலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

5

கிர்ஸ்டன் வேலியில் சாய்ந்து கேட்ட கேள்வி: "இந்த நாய் பன்னிரண்டு வருடம் வாழும். ஐவின்டுக்கு எழுபத்திரண்டு. அதற்குப் பிறகு இதை ஆர் வைத்திருப்பது? இவர்தானா?" நவரத்தினத்தைக் காட்டிய விரலில் நம்பிக்கை சற்றும் இல்லை.

ஐவின்ட் யேசுவைப் பார்த்தார். "நீ இங்கே இருப்பாயா?"

யேசு சிறகைப் பார்த்தார்.

"திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள். ஓம் அல்லது இல்லை" என்றாள் கிர்ஸ்டன்.

வாசகருக்கு இது சின்னக் கேள்வியாகத் தெரியலாம். யேசுவின் மனைவி மாக்கிரட் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருக்கிறாள். அவளைக் கூப்பிட யேசு போட்ட விண்ணப்பம் ஒரு வருடத்துக்கு மேலாகக் கொப்பன்ஹேகனில் கிடக்கிறது. அவருடையது மட்டுமில்லை, எங்கள் ஆட்கள் எல்லாருடையதும் அப்படித்தான் கிடக்கிறது. கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்கிறார்கள். எப்போது முடியும் என்றால், "பரிசீலனை முடிந்ததும்." அவள் வந்தால் யேசு இங்கே இருப்பார். வராவிட்டால் கனடாவோ, இந்தியாவோ, அவள் வரக்கூடிய ஒரு இடத்துக்குப் போவார்.

ஆகவே: கொப்பன்ஹேகன் யேசுவுக்குப் பதில் சொல்லவில்லை. யேசு ஐவின்டுக்குச் சொல்லவில்லை. ஐவின்ட் கிர்ஸ்டனுக்குச் சொல்ல முடியவில்லை. இந்த வரிசையின் கடைசியில், கழுத்தில் நூலோடு ஏழு குட்டிகள் ஒன்றின் காதை ஒன்று கடித்துக்கொண்டிருந்தன.

"மாக்கிரட்டைக் கேளுமன்" என்றார் நவரத்தினம், காரில்.

"அவள் நாயெண்டால் நாலு வீடு தள்ளி நிக்கிறவள், அண்ணை. அதைவிடுங்கோ. நாய் வாங்கிறன் எண்டு சொன்னால், நீ வராட்டியும் நான் இஞ்சை இருந்திடுவன் எண்ட மாதிரி. வாங்கேல்லை எண்டு சொன்னால், நீ வரப்போறேல்லை எண்ட மாதிரி. எதைச் சொல்ல?"



6

முடிவுகள். [கடையில் சேலை விரிக்கிறமாதிரி விரித்துக் காட்டுகிறார். எடுப்பதும் விடுவதும் வாசகர் விருப்பம்.]

முதலாவது: விமானநிலையம். மாக்கிரட் வருகிறாள். நாய் ஓடிப்போய் அவளுடைய செருப்பைக் கவ்வி— [நவரத்தினம் எழுதும்போதே அழுதுவிட்டார். ஆகவே நம்பத்தகாதது.]

இரண்டாவது: யேசு போய்விடுகிறார். மாரி. கிழவர் தனிய வள்ளத்தில். நாய் கரையையே பார்த்து— [ஐவின்டுக்கு இதைச் சொன்னபோது, "நான் தனியப் போகமாட்டேன், எனக்குத் தோள் நோகும்" என்றார். பாத்திரமே ஒத்துழைக்காத முடிவு.]

மூன்றாவது: ஒரு கடிதம் வருகிறது. யேசு உறையைக் கிழித்து

[இது பாதியில் நிற்கட்டும். மிச்சத்தை எழுத வேண்டியவர்கள் கொப்பன்ஹேகனில் இருக்கிறார்கள். நவரத்தினத்துக்குக் கள்ளக் கையெழுத்துப் போடத் தெரியாது. மாக்கிரட் வந்தாளா என்ற முடிவு இந்தக் கதையில் இல்லை. வாசகர் அவளை வரவழைத்தால் எழுதுகிறவர் கோபிக்கமாட்டார்.]

7

இவ்வளவோடு பேனாவை மூடியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை, ஐவின்டின் குசினி, அதே மூன்றாம் தரக் கோப்பி. தொலைபேசி அடித்தது. பூசை முடிந்து மாக்கிரட் கொழும்பிலிருந்து எடுக்கிற நேரம்.

யேசு பேசினார். மழையைப் பற்றிப் பேசினார். தொழிற்சாலையைப் பற்றி, கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினார். ஐவின்டுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் நாய் அந்தப் பேச்சில் வரவில்லை என்பது விளங்கி, மேசையில் விரலால் தட்டினார். நவரத்தினம் இரண்டாவது பிழையைச் செய்தார்: எழும்பிப்போய்த் தொலைபேசியைப் பறித்தார்.

"தங்கச்சி, நான் நவம்."

"நவம் அண்ணை, இவர் என்ன சுத்திச் சுத்திக் கத்தரிக்காய்க் கதை கதைக்கிறார்? ஆருக்கும் ஏதும் வருத்தமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நாய்."

"நாயோ?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஐஸ் தண்ணீர், சட்டி மூடி, பன்னிரண்டு வருடம், திங்கட்கிழமை. யேசு சன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

மறுமுனையில் மாக்கிரட் வாகன இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்தினாள்.

"இதுக்கே இந்தாள் இப்பிடி முழுசுறார்? நான் வந்தால், இவர் வேலைக்குப் போற நேரம் எனக்கு ஒரு துணை வேணும். வராட்டி, இவருக்கு வேணும். எந்தப் பக்கத்தாலை பாத்தாலும் நாய்தானே, அண்ணை. ஓம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ."

"உமக்குப் பயமெல்லே?"

"பயந்தான். அது சின்னன். அதுக்கும் புது வீடு பயமாய்த்தான் இருக்கும். ரெண்டு பேரும் பழகுவம்."

நவரத்தினம் யேசுவைப் பார்த்துத் தலையாட்டினார். யேசு ஐவின்டைப் பார்த்தார். "ஓம்" என்றார், தமிழில். ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் கேட்ட சொல் அது, ஐவின்டுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கிழவர் எழும்பிப்போய், முதல் தரமாக, டப்பாவிலிருந்து புதுக் கோப்பித் தூள் எடுத்தார்.

"அப்ப எந்தக் குட்டி, தங்கச்சி?" என்று கேட்டார் நவரத்தினம். சிவப்பின் நெருப்பை ஐவின்டுக்காகச் சொன்னார். மஞ்சளின் பொறுமையைத் தனக்காக, கொஞ்சம் கூட்டியே சொன்னார். போகிற போக்கில், இன்னொன்று இருக்கிறது, சின்னன், கூப்பிட்டவுடனே இவரிடம் வந்தது என்றார்.

மாக்கிரட் யோசிக்கவே இல்லை.

"கூப்பிட்டால் வாறதை எடுக்கச் சொல்லுங்கோ, அண்ணை. கூப்பிட்டும் வர ஏலாமல் கிடக்கிறதுக்கு நான் ஒருத்தி போதும்."