கோவில் லீவு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, அன்றைய பதினோராவது போனில், மணிமேகலை முதல் முறையாக அந்தப் பொய்யைச் சொன்னாள். மிளகாய் அரைக்கிற நாள். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. மில்லுக்குள் நின்றால் மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. போன் அடித்தால் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டு ஓரத்துக்கு ஓடி வந்துதான் பேச வேண்டும். ஓடி வந்தாள். எதிர்முனையில் ஓர் ஆண் குரல், முன்னுரை ஒன்றும் இல்லாமல், “மலைக்கோட்டைக்கு லிப்ட் இருக்காம்மா?” என்றது.

“இது மாவு மில்லுங்க.”

“சரிங்க. ஸ்ரீரங்கம் கோவில்ல செருப்பு எங்க விடுறது?”

“ஐயா, மாவு மில்லுங்க இது. மிளகா அரைச்சிக்கிட்டிருக்கேன்.”

“அது புரியுதும்மா. நடை எப்ப சாத்துவாங்க, அத மட்டும் சொல்லுங்கம்மா.”

“கோவில் இன்னிக்கு லீவு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் உறைத்தது. ரங்கநாதர் படுத்திருக்கிறவர்தான், வாஸ்தவம். அதற்காக அவருக்கு லீவு விடுவதற்கு இவள் யார்? கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மிளகாய்க் கை. கன்னம் மத்தியானம் வரை எரிந்தது. ஆனால் அந்த மனுஷன் திரும்பக் கூப்பிடவில்லை என்பதையும் அவள் கவனித்தாள். மூன்று மாதத்தில் இப்படி ஒரே பதிலில் ஒழிந்துபோன ஆள் அவன் ஒருவன்தான்.

மூன்று மாதமாகத்தான் இந்தப் பாடு. முதலில் யாரோ தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். பெங்களூரிலிருந்து ஒருத்தர் காவிரியில் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டார். நாமக்கல்காரி ஒருத்தி வீல்சேர் கிடைக்குமா, அப்பாவுக்கு முட்டி வலி என்று தன் அப்பாவின் முட்டியைப் பற்றியே கால் மணி நேரம் பேசினாள். பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றுகொண்டு, “இப்ப நாங்க எந்தப் பக்கம் திரும்பணும்?” என்று ஒரு குடும்பமே ஸ்பீக்கரில் கேட்டது. வெள்ளைக்காரர்களும் விட்டுவைக்கவில்லை. அவர்களுக்கென்று மணிமேகலை ஒரு பாட்டு வைத்திருந்தாள்: “மார்னிங் ஓப்பன், ஆஃப்டர்நூன் க்ளோஸ், ஈவினிங் ஓப்பன், தேங்க் யூ.” அதற்கு மேல் கேட்டால் மறுபடி முதலிலிருந்து சொல்வாள்.

பக்கத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிற நசீராதான் கம்ப்யூட்டரில் தேடி வேரைக் கண்டுபிடித்தாள். ஏதோ ஒரு சுற்றுலாப் பக்கம். வெயில் நாடுகளுக்கு வருகிறவர்களுக்கான நடைமுறைத் தகவல்கள் என்று தலைப்பு. கொதித்த தண்ணீர் குடிக்கவும், கொசுவுக்குக் களிம்பு கொண்டுவரவும், தெருநாயைத் தடவிக் கொடுக்க வேண்டாம், ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே வாடகை பேசிக்கொள்ளவும் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் ஸ்ரீரங்கம் விசாரணைக்கு என்று ஒரு நம்பர். ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. அந்த ஆறு மணிமேகலையின் ஆறு. நசீரா அவர்களுக்கு நான்கு முறை எழுதிப் போட்டாள். நான்கு முறையும், உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

“விடுங்கக்கா, புது சிம் போட்டுத் தரேன். பத்து நிமிஷ வேலை.”

“வேணாம் நசீரா.”

“எதுக்கு இந்தத் தலவலி? அந்த நம்பர்ல அப்படி என்ன இருக்கு?”

மணிமேகலை முந்தானையை உதறிக்கொண்டு மில்லுக்குத் திரும்பினாள். வீட்டில் புருஷன் தர்மராஜும் இதையேதான் கேட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை; இருபத்தெட்டு வருஷம் மிஷின் பக்கத்தில் நின்ற மனுஷனுக்குப் பேச்சு எதற்கு? “மாத்திடேன், சனியன் விட்டுது” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நம்பரில் இருந்தது மகள் யாழினி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் கூட வேலை பார்த்த பெனடிக்டை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, அன்று சாயந்தரமே கூப்பிட்டாள். மகளைத் தலை முழுகியது தர்மராஜ்தான் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை, கோதுமை எடுக்க காந்தி மார்க்கெட் போயிருந்தார். இனிமேல் இந்த நம்பருக்குக் கூப்பிடாதே என்று சொன்னது மணிமேகலையின் வாய். வேறு எதையும் அம்மா சொன்னபடி செய்யாத பெண், இந்த ஒன்றை மட்டும் அட்சரம் பிசகாமல் செய்தாள். மூன்று மாதம் கழித்து மணிமேகலை தானாகவே கூப்பிட்டபோது, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் இரண்டு பாஷையில் சொன்னாள். யாரிடமாவது விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. பெண் ஓடிப்போன வீட்டில் அம்மாவுக்கு மிச்சம் இருப்பது ரோஷம் ஒன்றுதானே, அதையும் விட முடியவில்லை. ஆனால் தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுத்தாள். எடுத்து, ஹலோ என்கிற குரலைக் கேட்டு, இல்லை என்று தெரிந்து, மூச்சை விட்டுவிட்டு, நடை திறக்கிற நேரத்தைச் சொன்னாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை இப்படி ஏமாந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

செவ்வாய்க்கு அப்புறம் பொய் நாக்கில் ஒட்டிக்கொண்டது. புதன்கிழமை நாலு பேருக்குக் கோவில் லீவு. வியாழக்கிழமை ஒன்பது பேருக்கு. காரணம் கேட்டால், “பெயின்ட் அடிக்கிறாங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி. கோதுமை ஓடிக்கொண்டிருந்தது. தர்மராஜ் தகர டின்னால் அள்ளி மேலே கொட்டிக்கொண்டிருக்க, இவள் கீழே மாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. வெளியே ஓடினாள். ஹலோ. ஆண் குரல். இல்லை.

“கோவில் விசாரணைங்களா? சென்னையிலேர்ந்து வந்திருக்கோம், ஜங்ஷன் கிட்ட லாட்ஜ்ல இருக்கோம். இன்னிக்கு சாமி பாக்கலாங்களா?”

“இன்னிக்குக் கோவில் லீவுங்க.”

“லீவா?” அவன் போனை விட்டு முகத்தைத் திருப்பி யாரிடமோ சொன்னான். “கோவில் இன்னிக்கு லீவாம்.”

“லீவா? கோவிலுக்கு ஏதுங்க லீவு” என்று தள்ளியிருந்து ஒரு பெண் சிரித்தாள். “யாரு சொன்னா? எங்க ஊரு கோவில் எனக்குத் தெரியாதா?”

மணிமேகலைக்குத் தெரிந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு கடைசியில் லேசாக மூக்கில் போய் முடியும். சின்ன வயசில் சளி என்று நினைத்து டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

“சரிங்க, நாளைக்கு ஊருக்குக் கிளம்புறோம், அடுத்த தடவ பாத்துக்கிறோம். வெச்சிடுறேன்” என்றான் அவன்.

“தம்பி, இருங்க. வெச்சிடாதீங்க. லீவு இல்ல.”

“இப்பதானே லீவுன்னீங்க?”

“நான் நேத்தைக்குச் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். இன்னிக்கு உண்டு.” எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறச் சொன்னாள். எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று மூன்று மாதமாக யாருக்கும் முழுசாகச் சொல்லாததை எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவன் பொறுமையாக உம் கொட்டினான்.

“கைக்குழந்தை இருக்குங்க. ரொம்ப நேரம் நிக்கணுமா?”

“குழந்தையா?” என்றாள். பிறகு, “எத்தனை மாசம்?”

“ஏழு. பொண்ணு.”

“கைக்குழந்தைன்னா வரிசையில சொல்லுங்க, வழி விடுவாங்க” என்றாள். வழி விடுவார்களா என்று அவளுக்குத் தெரியாது.

“இன்னொன்னு கேக்கணும்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “நான் கிறிஸ்டியன். உள்ள ஒரு இடத்துக்கு மேல வரக்கூடாதுன்னு போட்டிருக்கு. பரவால்ல, நான் வெளியில நின்னுக்கிறேன். அவங்க ரெண்டு பேரும் போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒண்ணும் இல்ல, அவங்க தனியா உள்ள போனா அழுவாங்க. அதான்.”

இந்த இரண்டு வருஷத்தில் பெனடிக்டை மணிமேகலை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை. அவனுக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

“ஹலோ? இருக்கீங்களாம்மா?”

அங்கே பெண் குரல் கிட்டே வந்தது. “யார்கிட்டங்க இவ்ளோ நேரம்? குடுங்க, எந்த நம்பர் அது, காட்டுங்க.”

பேன் சுற்றுகிற சத்தம். போன் கை மாறுகிற சத்தம். மணிமேகலை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். வைத்துவிடுவாள் என்றுதான் தோன்றியது. கூப்பிடாதே என்றால் கூப்பிடாத பெண் ஆயிற்றே. ரோட்டில் ஒரு லாரி போய் முடிந்தது.

“நடை எத்தனை மணிக்குத் திறக்கும்னு சொல்லும்மா.”

மூன்று மாதமாக ஊர் உலகமெல்லாம் அவளைக் கேட்டது ‘சொல்லுங்கம்மா’ என்றுதான். இதில் அந்த ‘ங்க’ இல்லை.

ஆயிரம் தடவை சொன்ன பதில், வாய்க்கு வர மறுத்தது. “சாயந்தரம்” என்றாள். “நாலு மணிக்கு மேல வா.”

பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினாள். மில் வாசலில் தர்மராஜ், கையில் காலி டின்னோடு. எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. புருவத்திலெல்லாம் மாவு.

“யாரு?” என்றார்.

“கோவிலுக்கு வர்றவங்க. கைக்குழந்தை வெச்சிருக்காங்க” என்றாள். போனைக் கையால் மூடவில்லை.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“வெயில்ல வர வேணாம்னு சொல்லு. கல்லுத் தரை பொசுக்கும். அது பாட்டுக்குப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வெறுங்காலோட நிக்கும்.”

சொல்லிவிட்டு அவர் உள்ளே போகவில்லை. பின்னால் கோதுமை தீர்ந்து மிஷின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. கல்லோடு கல் உரசுகிற அந்தச் சத்தத்தை எந்த மில்காரரும் அரை நிமிஷம் பொறுக்க மாட்டார். டின்னைப் பிடித்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றார். போனுக்குள் குழந்தை எதற்கோ சிணுங்கியது.