கீழ் வீட்டுப் பாட்டு

இரவு டூட்டி முடிந்து வந்து படுத்திருந்த வேதா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து தரையை முறைத்தாள். தரைக்குக் கீழே வீட்டுக்காரி பச்சையம்மாவின் வீடு. அங்கே டேப் ரெக்கார்டர் உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தது. கட்டிலோடு சேர்ந்து தன் பல்லும் ஆடியது என்று சாயங்காலம் கணவனிடம் அவள் சொன்னதில் கொஞ்சம் மிகை உண்டு. தூக்கம் போனதில் ஒரு மிகையும் இல்லை.

வேதா டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் கால் புக் செய்துவிட்டுப் போனுக்குப் பக்கத்திலேயே காத்துக் கிடக்க வேண்டிய காலம் அது. அதிலும் ராத்திரியில் புக் செய்கிறவர்கள் ஊர்க்கதை பேசப் புக் செய்வதில்லை. ஆஸ்பத்திரி, பிரசவம், சாவு. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். இந்தப் பக்கம் காத்திருப்பவர் மூச்சு விடுவது மட்டும் வேதாவின் காதில் விழும். விடிந்ததும் எல்லோரும் ஆபீசுக்குப் போகிற நேரத்தில் எதிர்த்திசையில் காலியாக வரும் ரயிலேறி, சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, சிட்லபாக்கம் வரை நடந்து வந்து படுப்பாள். அந்தப் பகல் தூக்கம் கெட்டதால்தான் போன மாதம் கடலூர் கேட்டவருக்குக் கூடலூரைக் கொடுத்துவிட்டாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் மேலே எழுதிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தாள். அதிலிருந்து வேதாவுக்குத் தூக்கம் என்றாலே வேலை, வேலை என்றாலே தூக்கம் என்று ஆகிவிட்டது.

பச்சையம்மாவிடம் சண்டைக்குப் போக முடியாது. அந்தத் தெருவே அவள் மாமனார் நெல் போட்ட நிலம். மனை மனையாக விற்றது போக மிஞ்சியதில் கட்டிய வீடு. மாடியில் குடியிருப்பவள் வீட்டுக்காரியை அக்கா என்று கூப்பிட்டு, சிரித்துக்கொண்டேதான் எதையும் கேட்க முடியும்.

"அக்கா, கொஞ்சம் சவுண்ட் கம்மி பண்ணுங்களேன். எனக்கு நைட் டூட்டி."

"அதுக்கின்னாமா, கொறச்சிட்டா போச்சு."

சொன்னபடி குறைத்தும் விடுவாள். அதுதான் வேதாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் படுக்கும்போது பாட்டு கேட்டும் கேட்காமலும் இருக்கும். கண் அசந்து, நன்றாக ஆழ்ந்து போன பிறகு திடீரென்று ஏறும். எப்போதும் அப்படித்தான். ஒருநாள் அம்மன் பாட்டு, ஒருநாள் சினிமாப் பாட்டு, ஆனால் ஏறுவது மட்டும் அவள் தூங்கிய பிறகு. இவள் தூங்கட்டும் என்று காத்திருந்து எழுப்புகிறாள் என்று வேதா முடிவு கட்டினாள். வாடகையைக் கூட்ட வழி பார்க்கிறாள், நாமாகவே காலி செய்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறாள். தூக்கம் கெட்டவளின் மூளைக்கு இப்படியெல்லாம் நன்றாகவே ஓடும்.

"அவங்க வீட்ல அவங்க பாட்டு கேக்கறாங்க. இவ்ளோதான் வைக்கணும்னு யார் சொல்றது?" என்றான் கணவன் ராஜகோபால்.

"தூங்கறவ சொல்லணும்."

அவனுக்கு அப்போது இதையெல்லாம் கவனிக்க மனமில்லை. வேலூரில் அண்ணன் வீட்டிலிருந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். லீவு போட்டுக்கொண்டு, பச்சையம்மாவிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். வேதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கிழவி பிழைத்துக்கொண்டாள். வேண்டிக்கொண்டபடி ராஜகோபால் திருப்பதிக்குப் போய் முடி கொடுத்து, லட்டையெல்லாம் அம்மாவிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினான். தலை மொட்டை, மீசையும் இல்லை. கண் விழித்துக் கண் விழித்து முகம் வேறு செத்துக் கிடந்தது. கேட்டருகே கோலம் போட்டுக்கொண்டிருந்த பச்சையம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டாள்.

அன்று வேதா வந்து படுக்கப் போகும் நேரத்தில் பச்சையம்மா படியேறி வந்தாள். நாற்காலியின் நுனியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா பண்றது, வயசாயிடுச்சில்ல. உனக்குத்தான் போவக்கூட முடியாம போச்சு. நீ தூங்கு. நான் பாட்டுப் பொட்டி வெக்கல."

எழுந்தாள். படியிறங்கிப் போய்விட்டாள். வழக்கமாக "வரேம்மா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, வாசலில் நின்று இன்னொரு கதை பேசிவிட்டுப் போகிறவள். வேதா அன்று அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். சாயங்காலம் காபிக்குப் பால் காய்ச்சும்போதுதான் அவளுக்கு உறைத்தது. போகும்போது வரேன் என்று சொல்லாமல் போவது துக்கம் கேட்க வந்த வீட்டில்தான்.

உடனே கீழே ஓடிப்போய், ஐயையோ, எங்க மாமியார் நல்லா இருக்காங்க என்று சொல்லியிருக்க வேண்டும். வேதா கடைசிப் படி வரைக்கும் இறங்கி வந்தாள். கீழே டேப் ரெக்கார்டர் துணி மூடிக் கிடந்தது. எதிர்வீட்டு ரேடியோகூடப் பாடவில்லை. பச்சையம்மா சொல்லி நிறுத்தியிருப்பாள். அப்படியொரு அமைதியை அந்தத் தெருவில் அவள் கேட்டதே இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள்.

நாளை என்பது தள்ளிக்கொண்டே போயிற்று. தினமும் தூங்கினாள். கண்ணுக்குக் கீழே கருமை குறைந்தது. ஒரு லைன்கூட மாறவில்லை, சூப்பர்வைசரே சிரித்துப் பேசினாள். வேதாவுக்கு மனசு உறுத்தாமல் இல்லை. மாமியாரோடு அவளுக்கு ஒரு விரோதமும் கிடையாது. இருந்தாலும் உயிரோடு இருக்கிறவளைச் செத்ததாக விட்டுவிட்டுத் தூங்குகிறோமே என்று நினைத்தபடியே தூங்கிப் போனாள்.

"தெருமுனை கடைக்காரர் எங்கிட்ட வந்து, தைரியமா இருங்க சார்ங்கறார். என்ன விஷயம்?" என்றான் ராஜகோபால் ஒருநாள்.

சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டு எழுந்தான்.

"எங்கம்மாவ சாகடிச்சுட்டா நீ தூங்கற? ஞாயித்துக்கிழமை அவங்கள இங்க கூட்டிட்டு வரேன், உடம்பு தேறட்டும்னு. ஆட்டோவுலேர்ந்து இறங்கினா இந்தத் தெரு என்ன சொல்லும்?"

மறுநாள் வேதா ஸ்டேஷனிலிருந்து நேராகக் கீழ் வீட்டுக்குப் போனாள். பச்சையம்மா பின்பக்கம், மாடி ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேதா நின்றபடியே சொல்லி முடித்தாள். திருப்பதி, வேண்டுதல், மொட்டை, தூக்கம், எல்லாம்.

பச்சையம்மா கீரையைக் கீழே வைத்தாள்.

"நெஜமாவா? அந்தம்மா நல்லா கீதா?"

"நல்லா இருக்காங்க அக்கா."

"வாய்ல சக்கரைதான் போடணும்" என்று கையெடுத்து வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். திட்டுவாள் என்று நின்றிருந்த வேதாவுக்கு அந்தக் கும்பிடைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"தப்புதான் அக்கா. நீங்க பாட்டு வைங்க. ஆனா நான் தூங்கினப்புறம் மட்டும் ஏத்தாதீங்க. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

பச்சையம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் காது அடைக்கிற மாதிரி வெச்சிகினு கேக்கணும்னு ஆசையா? நீ தூக்கத்துல கத்துறம்மா."

"நானா?"

"குடிவந்த நாளா, உன் வூட்டுக்காரரு வேலைக்குப் போனப்புறம் பகல்ல கத்திகினுதான் கீற. ஹலோ ஹலோங்கிற. அப்பால, யாராவது எடுங்களேன், எடுங்களேன்னு ஒரு அழுவ. ரோட்ல போறவன் காதுல வுழுந்தா இன்னா நெனப்பான்? புருஷன்காரன் போட்டு அடிக்கிறான்னு பேசுவானுங்க. அதான், நீ ஆரம்பிச்சா நான் சவுண்ட ஏத்திடுவேன்."

வேதா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். தன் குரல் ஊருக்குக் கேட்டிருக்கிறது, தனக்கு மட்டும் கேட்கவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வெக்கப்படுவ. தூங்கவே பயப்படுவ."

"இப்ப இத்தனை நாள் பொட்டி வைக்கலியே. கத்தலியா?"

"கத்தாம இன்னா. எழவு வூட்டுக்குக் கீழ எப்டி பொட்டி வெக்கிறது? மொத நாளு எனக்கு இன்னா பண்றதுன்னே புரியல. நீ எடுங்களேன் எடுங்களேன்னு ஒரே அழுவ. மாமியாருக்குத்தான் அழுவுறன்னு நெனச்சேன். மனசு கேக்கல. இங்க நின்னுகினு மேல பார்த்து, எடுத்துட்டேம்மா, சொல்லுன்னேன்."

வேதா நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தாள்.

"நீ கம்முனு ஆயிட்ட. அதுலேர்ந்து தெனமும் அப்டித்தான். ஒரு தபா சொன்னா போதும், நல்லா தூங்குற."

வேதா எழுந்து படியேறினாள். புடவைகூட மாற்றவில்லை. அப்படியே படுத்து ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். கீழே டேப் ரெக்கார்டரைப் போடும் சத்தம் கேட்டது. பாட்டு பெரிதாக எழுந்தது, பிறகு குறைந்து குறைந்து, என்ன பாட்டென்றே தெரியாத அளவுக்குப் போயிற்று. அதற்கப்புறம் தரையில் ஒரு முக்காலியை இழுப்பது கேட்டது. அது கொல்லைப்பக்கமாக வந்து, ஜன்னலுக்கு நேர் கீழே நின்றது.