இரண்டு மடல் நுரையீரல்

சுவேதா நல்லவள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் மனசுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சிதம்பரத்தில் எங்கள் மருத்துவக் கல்லூரியில் நாங்கள் முதலாம் ஆண்டு, ஒரே டேபிள். அதாவது ஒரே உடலை அறுத்துப் படிக்கிற கூட்டம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். அவள் ஹாஸ்டல். நான் வியர்த்து விறுவிறுத்து வந்து சேரும்போது, அவள் இஸ்திரி மடிப்புக் கலையாத கோட்டில் நின்று சிரிப்பாள். அவள் அப்பா அம்மா இரண்டு பேரும் சேத்தியாத்தோப்பில் டாக்டர்கள். என் அத்தா குவைத்தில் லாரி ஓட்டுகிறார். அவள் கத்தி வைத்தால் நரம்பு முழுசாக வெளியே வரும். நான் வைத்தால் அறுந்து போகும். செத்துப் படுத்திருக்கிற மனுஷருக்குக்கூட அவளைத்தான் பிடிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் ஒரு காரை எலும்பைக் கையில் கொடுத்தால் அது வலதா இடதா என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தவள் அவள். எலும்பை எப்படிப் பிடித்துப் பார்ப்பது என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது?

அப்படி இருக்கையில்தான் தேவசகாயம் சார் வகுப்பில் ஒரு அறிவிப்பு செய்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பொதுமக்களுக்கு மருத்துவக் கண்காட்சி. நுரையீரல் மேஜையில் நின்று விளக்கம் சொல்ல முதலாம் ஆண்டிலிருந்து ஒருவர் போகலாம். மார்புப் பகுதிக்கான வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், யார் நன்றாகச் செய்கிறாரோ அவர்.

எனக்கு அன்றைக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. அத்தா லீவில் வந்திருந்தார். கண்காட்சி முடிந்த மறுநாள் அவருக்கு விமானம். மகள் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று குவைத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிற மனிதர், நான் வெள்ளைக் கோட்டோடு நின்று பேசி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எனக்கு அந்த மேஜை வேண்டும். சுவேதாவுக்கு அது எதற்கு? அவள் வீட்டில் தடுக்கி விழுந்தால் ஸ்டெதாஸ்கோப்.

என்னிடம் ஒரு ரகசியமும் இருந்தது. எங்கள் டேபிள் உடலிலிருந்து நுரையீரல்களை வெளியே எடுத்த நாளில் சுவேதா காய்ச்சல் என்று வரவில்லை. மற்றவர்கள் கேன்டீனுக்குப் போன நேரத்தில் நான் தனியாக நின்று பார்த்தேன். வலது நுரையீரல் பிளவுகளால் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், இடது இரண்டாக. இது எல்லோரும் மனப்பாடம் செய்வது. ஆனால் இந்த மனிதருக்கு வலது நுரையீரலிலும் இரண்டே மடல்தான். குறுக்கே விழ வேண்டிய பிளவு விழவே இல்லை. சிலருக்கு இப்படி இருக்கும் என்று புத்தகத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், யார் படிக்கிறார்கள்? எல்லா டேபிள் நுரையீரல்களும் ஒரே ஃபார்மலின் வாளிக்குத்தான் போகும். வைவாவில் சார் அதிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாயில் வெல்லக்கட்டியை அடக்கிக்கொண்டவள் மாதிரி இருந்தேன்.

வைவா அன்று எனக்கு அடுத்து சுவேதா. சார் கையுறை மாட்டிய கையை வாளிக்குள் விட்டு ஒரு நுரையீரலை எடுத்தார். சொட்டச் சொட்ட அது மேலே வந்தபோதே பார்த்துவிட்டேன். இரண்டு மடல். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் நுரையீரல்! எனக்கே எனக்கென்று வந்திருக்கிறது.

"ரைட் லங் சார்! குறுக்குப் பிளவு இல்ல. ரேர் கேஸ் சார்."

சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கையில வாங்கவே இல்லியேம்மா. அதுக்குள்ள என்ன அவசரம்? வாங்கிப் பாரு."

வாங்கினேன். மெல்லிய ஓரத்தை முன்னால் வைத்து நிமிர்த்திப் பிடித்தேன். இதயத்துக்கு இடம் விட்டு ஒதுங்கிய அந்தப் பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. அப்பட்டமான இடது நுரையீரல். எந்த மனிதருக்கும் இருக்கிற சாதாரண இடது நுரையீரல்.

"லெஃப்ட் சார்" என்றேன்.

"ரேர் கேஸ்தான்" என்றார் சார். "அடுத்து."

சுவேதாவுக்கு வாளியிலிருந்து எது வந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? அதே இரண்டு மடல் வலது நுரையீரல். அவள் அவசரப்படவில்லை. இரண்டு கையாலும் வாங்கினாள். குழிந்த அடிப்பாகம் கீழே, மெல்லிய ஓரம் முன்னால் என்று தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். மூச்சுக்குழாய்க் கிளை நுழைகிற பக்கம் எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்த்தாள்.

"ரைட் லங் சார்."

"ரெண்டு மடல்தானே இருக்கு?"

"ஆமா சார். ஆனா புடிச்சுப் பாத்தா ரைட்டுதான் வருது. குறுக்குப் பிளவு விழாம போயிருக்கும் போல."

சார் சிரித்ததை அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தோம். மேஜை அவளுக்குப் போய்விட்டது.

வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டு, "நிலோ, நீ ரொம்பப் படிச்சிட்டே, அதான்" என்றாள். கையைத் தட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயில் முழுக்க வயிறெரிந்தது. எனக்காக ஒளித்து வைத்த ஒன்று, ஒளித்து வைத்ததே தெரியாதவள் கையில் போய் உட்கார்ந்துகொண்டதே!

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கண்காட்சி நோட்டீஸ் தெருவெல்லாம் ஒட்டியிருந்தது. "ஒங்க காலேஜ்தானே கண்ணு? வா, போய்ட்டு வருவோம்" என்று அத்தா கிளம்பிவிட்டார். நான் சுடிதாரில் அவர் பின்னால் போனேன். நுரையீரல் மேஜைக்குப் பின்னால் சுவேதா, அதே மடிப்புக் கலையாத கோட்டில்.

"அங்கிள், ஒங்க நெஞ்சுல கைய வைங்க" என்றாள். அத்தா சமத்தாக வைத்தார். "வலது பக்கம் கொஞ்சம் பெருசு. இடது பக்கம் இதயத்துக்கு எடம் விட்டு ஒதுங்கிக்கும். வலது பக்கம் போற மூச்சுக்குழாய் அகலம் ஜாஸ்தி, நேராவும் எறங்கும். அதனால எதாச்சும் பொரையேறி உள்ள போச்சுன்னா பெரும்பாலும் வலது பக்கந்தான் போவும்."

"பண்ருட்டி முந்திரியா இருந்தாலுமா?" என்று கேட்டு அத்தா தானே சிரித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் புள்ள எவ்ளோ அழகா சொல்லுது பாத்தியா?"

நெஞ்சில் கை வைத்திருந்தது அவர். எரிந்தது என் வயிறு. போகலாம் அத்தா என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இருங்க அங்கிள்" என்றாள் சுவேதா. "எனக்கு இதுல ஆனா ஆவன்னா தெரியாது. எத எடுத்தாலும் மொதல்ல ஒடம்புல இருக்கற மாதிரி நிமித்திப் புடி, அப்புறமா வாயத் தொறன்னு நிலோதான் எலும்பு கிளாஸ்ல சொல்லிக் குடுத்தா. அத வச்சுத்தான் வைவாவுல தப்பிச்சேன். இல்லன்னா இந்த எடத்துல அவதான் நின்னுருப்பா."

அத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அப்படியா கண்ணு? நீ சொல்லவே இல்லியே" என்று எல்லோர் முன்னாலும் என் தலையைத் தடவினார்.

நான் ஆசைப்பட்டது இந்தப் பார்வைக்குத்தான். கிடைத்துவிட்டது. அதையும் சுவேதாதான் எடுத்துக் கொடுத்தாள்.