கல்லில் மெலிந்தவன்

இலுனியின் மணிக்கட்டு வீங்கி, முத்திரைக்கல்லின் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. பெல்தானி ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். செத்த பிறகும் விடமாட்டேன் என்கிறான் புருஷன்.

விரற்கடை நீளக் கருங்கல் உருளை. ஈரக் களிமண்ணில் உருட்டினால் படம் எழும்: ஆசனத்தில் சூரியக் கடவுள் சமாஷ், எதிரே கைதூக்கி நிற்கும் இலுனி, பின்னால் அவனுக்காகப் பரிந்து பேசும் தேவதை. கல்லில் இருந்த இலுனிக்குத் தொப்பை இல்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. சிப்பார் நகரக் கோயில் களஞ்சியத்தில் மேலாளர் இருமினாலே கூனிப்போகிறவன், கடவுளோடு முகத்துக்கு முகம் நிற்கிறானாம்! வீரமெல்லாம் வீட்டில்தான். எண்ணெய்ச் சாடியின் வாயைத் துணியால் கட்டி, மண் அப்பி, அதில் முத்திரையை உருட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். ரொட்டிக்கு ஒரு சொட்டு எண்ணெய் வேண்டுமென்றாலும் அவள் அந்திவரை காத்திருக்க வேண்டும்.

"அண்ணி, அந்தக் கல்ல இங்க குடுங்க. நான் பத்திரமா வச்சிக்கிறேன்," என்றான் எரீபம், இலுனியின் தம்பி. காலையிலிருந்து ஓலமிட்டவன், கண் மட்டும் நனையவில்லை.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கல்தான் இலுனியின் கையெழுத்து. வீட்டைத் தம்பிக்குக் கொடுத்ததாக ஒரு களிமண் பலகையில் எழுதி, அதை உருட்டினால் போதும், வீடு எரீபத்துடையதாகிவிடும்.

"ஒடம்புக்கு எண்ணெய் தடவணும். மொதல்ல சாடியத் தூக்கிட்டு வா."

"அதுல அண்ணன் முத்திர இருக்கே. ஒடைக்கலாமா?"

"அவரு எழுந்து வந்து ஒடைப்பாருன்னு பாக்குறியா?"

சாடி வந்ததும் அவள் அரைகல்லால் ஒரே போடு போட்டாள். மண்ணிலிருந்த சமாஷும் தேவதையும் இலுனியும் பொடிப்பொடியாய் உதிர்ந்தார்கள். பெல்தானி எண்ணெயை வாரி வாரித் தடவினாள். தொப்பைக்கே பாதி போயிற்று.

ஊர் வழக்கப்படி வீட்டுக்குள்ளேயே புதைக்க, உறவுக்காரர்கள் நடு அறையில் தரையைத் தோண்டி முடித்திருந்தார்கள். உடலைப் பாயில் சுற்றுவதற்கு முன் அவள் கல்லை இலுனியின் கையிலேயே திரும்பக் கட்டினாள், இரட்டை முடிச்சாக.

"அண்ணி! நல்ல கல்லு அது!"

"உங்கண்ணன்கிட்டதான் இருக்கப்போவுது. வேணும்னா உள்ள எறங்கி எடுத்துக்க."

குழிக்குள் நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். எரீபம் இறங்கவில்லை.

மண்ணைத் தள்ளி, மேலே சேறு பூசி மெழுகி, பார்லி மதுவைக் குடித்துவிட்டு எல்லோரும் போனார்கள். அன்றைய வெக்கையில் பூச்சு சீக்கிரமே காய்ந்து வெளிறிவிட்டது. பொழுது சாய்ந்ததும் பெல்தானி விளக்கோடு வந்தாள். படுக்கை எதிர்ச்சுவரோரம் இருந்தது. நேரே நடந்தால் நாலு எட்டு. அவள் சுவரில் ஒரு கையை ஊன்றி, பூச்சின் விளிம்பை மிதித்துவிடாமல், ஒருக்களித்துச் சுற்றிப் போனாள்.