காவல் செல்

ரத்தப் பரிசோதனைக்கு வந்திருந்த தையற்காரர் பார்த்துவிட்டார். அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. வலி பிறகுதான் வந்தது. ரத்தம் எடுத்து முடித்த ஊசியை அப்படியே டப்பாவில் போட்டிருக்க வேண்டும். பழக்கதோஷம், மூடியை மறுகையில் பிடித்து மாட்டப் போனாள். முனை தவறி, கையுறையைத் துளைத்து, இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. மேசையில் அவருடைய சீட்டு கிடந்தது: எச்.ஐ.வி. உறுதி, சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை.

“நாப்பது வருஷமா நான் குத்திக்காத ஊசியாம்மா?” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “ஆனா இது என் ரத்தம். போய் மாத்திரை கேளு.”

“லேசாத்தான் பட்டுச்சுய்யா.”

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். கிருமி தொற்றாமல் தடுக்கும் மாத்திரை மேற்பார்வையாளர் அக்காவிடம் இருக்கிறது. எப்படிக் குத்தியது என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். இன்னொரு தடவை ஊசிக்கு மூடி போட்டால் வேலை கிடையாது என்று போன மாதம்தான் சொல்லியிருந்தாள். மாத்திரையைத் தொடங்க எழுபத்திரண்டு மணி நேரம் இருக்கிறதே, நாளை வேறு எங்காவது போய் வாங்கிக்கொண்டால் என்ன? ஆனால் படித்த பாடம் விடவில்லை. தோலுக்கடியில் காவல் செல்கள் இருக்கின்றன. நுழைந்த கிருமியைப் பிடித்து, அக்குளில் நெறிகட்டும் இடத்துக்குத் தூக்கிப்போய் மற்ற செல்களை உஷார்ப்படுத்தும். இந்தக் கிருமிக்கு வேண்டியதே அந்தப் பயணம்தான். அது குடியேறிப் பெருகும் உதவி செல்கள் அங்கேதான் கூடியிருக்கின்றன. காவல் செல் அவற்றோடு ஒட்டிச் சேதி சொல்லும்போதே கிருமியும் கைமாறிவிடும். பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கினவள் அவள். இப்போது அக்குளில் ஏதோ ஊர்வது போலிருந்தது. எதையும் வெளியே விடாமல் உள்ளேயே வைத்துச் சமாளிக்கும் தன் சுபாவத்தின் மேல் முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

“அக்கா, ஊசி குத்திடுச்சு.”

“அதுவா பறந்து வந்து குத்துச்சா?”

“மூடி போட்டேங்க்கா.”

அக்கா தையற்காரரின் சீட்டை வாங்கிப் படித்தாள். இழுப்பறையைத் திறந்து மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

“வேலை போயிடுமாக்கா?”

“முதல்ல முழுங்குடி. உன்னைத் திட்டுறதுக்கு நேரம் கெடக்கு.”

பெரிய மாத்திரை. தண்ணீரோடு சேர்ந்து இறங்காமல் நெஞ்சுக்குழியில் ஒரு கணம் நின்று, பிறகு மெதுவாக நகர்ந்தது. அக்கா ஊசி குத்தியதைப் பதியும் படிவத்தை எடுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். மாத்திரை விழுங்கியவளின் இடது கை மேசைமேல் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. விரலில் குத்திய இடத்தைத் தேடினாள். அது எங்கே என்றே தெரியவில்லை.