இசைத்தட்டின் இரண்டாம் பக்கம்

தபால்காரர் அந்தப் பார்சலைத் திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்ததுதான் வினை. சனிக்கிழமை கொடுத்திருந்தால் வில்பிரட் கடைசிவரை யோக்கியராகவே இருந்திருப்பார். ஒரு ராத்திரி பொறுத்துக்கொள்ள அவரால் முடியும். ஆறு நாள் என்பது அவர் சக்திக்கு மீறிய காரியம்.

வில்பிரட் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அக்கா ஜெயசீலிக்கு சிகாகோவில் நர்ஸ் வேலை. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை அவள் தம்பிக்குக் கப்பல் தபாலில் ஓர் இசைத்தட்டு அனுப்புவாள். எல்லாம் ஃப்ரீ ஜாஸ் என்கிற ரகம். தாளக்கட்டு இருக்காது, மெட்டு இருக்காது, ஆளுக்கொரு பக்கம் ஊதித் தள்ளுவார்கள். இந்த 1974-ல் அது போதாதென்று மின்சார கிதாரும் மின்சார பியானோவும் வேறு வந்து கலந்துகொண்டிருந்தன. ஜெயசீலிக்குச் சபைப் பாட்டைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாது. அதனால் அவள் கடையில் போய், புதிதாக வந்ததில் யாருமே வாங்காத தட்டு எதுவோ அதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவிடுவாள். அந்த முறையில் இதுவரை ஒரு தவறும் நேர்ந்ததில்லை.

தட்டு வில்பிரட்டுடையது. அதைச் சுற்றவைக்கும் பிளேயர் கிபாயத்துல்லா பாயுடையது. பாய்க்கு தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை, வீடு செம்பாக்கம் ஏரியை ஒட்டி. பழைய வால்வுகளை வைத்து அவரே செய்த ஆம்ப்ளிஃபையர் ஒன்று அங்கே இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்தச் சத்தத்தை உட்கார்ந்து கேட்கச் சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. வில்பிரட்டின் மனைவி மெட்டில்டா முதல் தட்டிலேயே கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிட்டாள். பாயின் மனைவி நூர் பீவி, தட்டு சுற்ற ஆரம்பித்தால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு சட்டம். புதுத் தட்டை முதல் தடவை இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வில்பிரட் கோயிலுக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார். அட்டையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கைப் பாய்தான் பிளேடால் கீறுவார். சட்டம் பாய் போட்டது. இந்தச் சங்கீதத்தில் அடுத்த நொடி என்ன வரும் என்று ஒருத்தருக்கும் தெரியாது, அந்தத் தெரியாமை ஒரு தட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், அதை ஒருத்தர் மட்டும் தின்றுவிட்டால் மற்றவருக்கு எச்சில்தான் மிஞ்சும் என்று பாய் சொல்வார். இரண்டு வருஷமாக வில்பிரட்டும் அதை மீறவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்க வில்பிரட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசித்தவர்கள் ஏழு பேர், அதில் டிரம்ஸ் மட்டும் இரண்டு பேர். இரண்டு டிரம்ஸ் ஒரே நேரத்தில் என்ன செய்யும் என்கிற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. புதன்கிழமை கரும்பலகையில் போட்ட கணக்குக்கு அவருக்கே விடை வரவில்லை. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மெட்டில்டா, உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வியாழக்கிழமை மூன்றாவது பீரியடில், சக வாத்தியார் ஸ்ரீநிவாசராகவன் பெருங்களத்தூரில், தட்டும் போடக்கூடிய புது ரேடியோகிராம் வாங்கியிருப்பது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தபிறகு மனுஷனை யார் பிடித்து நிறுத்துவது?

அன்று சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பெருங்களத்தூர் போய்ச் சேர்ந்தார். பாய் கீற வேண்டிய பிளாஸ்டிக்கைத் தானே கீறினார். தட்டு சுற்றிய இரண்டாவது நிமிஷம் ஸ்ரீநிவாசராகவன், ஊசி கெட்டுப்போய்விட்டதா என்று குனிந்து பார்த்தார். வில்பிரட் அவரைக் கையமர்த்தினார். இரண்டு டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்தின, சாக்ஸபோன் தொண்டை கிழிய அலறியது, மின்சார பியானோ நடுவில் புகுந்து எல்லாவற்றையும் கலைத்தது. கலவரம் உச்சத்துக்கு ஏறி, சட்டென்று நின்றது. ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில், காது வைத்துக் கேட்டால் மட்டும் கேட்கிற மாதிரி, ஒரு சின்ன மணி. வில்பிரட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் பக்கம் முடிந்ததும் ஸ்ரீநிவாசராகவன், வீட்டில் அவளுக்குத் தலைவலி, மிச்சத்தை அடுத்த ஜென்மத்தில் கேட்கலாமே என்று தன்மையாகச் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தார். வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதுதான் பாயின் முகம் ஞாபகம் வந்தது. பாயிடம் சொல்லிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை நினைத்தார், சனிக்கிழமை கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பொய்யோடு போனார்.

உறை ஏன் பிரிந்திருக்கிறது என்று பாய் கேட்டதற்கு, கீறல் இருக்கிறதா என்று அக்கா ஒருதடவை போட்டுப் பார்த்தாளாம் என்றார். பாய் சிரித்தார். அந்தம்மா இதைக் கேட்டுவிட்டு எத்தனை நாள் ஜுரத்தில் படுத்தாரோ என்று கேலி செய்தபடி ஊசியை வைத்தார். அப்புறம் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

மே மாத வெயில். மூலையில் மேஜை ஃபேன் கிறீச் கிறீச்சென்று தலையாட்டிக்கொண்டிருந்தது. வில்பிரட் தட்டைக் கேட்கவில்லை, நடித்துக்கொண்டிருந்தார். சாக்ஸபோன் நுழைந்ததும் திடுக்கிட்டார். பியானோ புகுந்ததும் திடுக்கிட்டார். நாலு இடத்தில் திடுக்கிட்டார், நாலும் கனகச்சிதமாக வந்தன. கலவரம் உச்சத்துக்கு ஏறத் தொடங்கியது. அப்போது அவர் மனசு பாய்க்காக அடித்துக்கொண்டது. இதோ வரப்போகிறது, அந்த மணி வரப்போகிறது, இந்தப் பாழாய்ப்போன ஃபேன் சத்தத்தில் பாய்க்கு அது கேட்காமலே போய்விடும். எழுந்து போய் ஃபேனை அணைத்தார்.

நாலு நொடி கழித்து எல்லாம் நின்றது. சின்ன மணி ஒலித்தது. சுத்தமாகக் கேட்டது.

பாய் கண்ணைத் திறந்து, ஃபேன் பக்கத்தில் நிற்கும் வில்பிரட்டைப் பார்த்தார்.  பக்கம் முடிந்ததும் ஊசியைத் தூக்கி வைத்தார்.

"ஃபேனை ஏன் சார் நிறுத்துனீங்க?"

"சத்தமா இருந்துச்சு பாய்."

"அந்தக் கலாட்டாவுல ஃபேன் சத்தம் யாருக்கு சார் கேக்கும்? மணி வரப்போவுதுன்னு தெரிஞ்ச ஆளுக்குத்தான் கேக்கும்."

வில்பிரட் நாற்காலியில் உட்கார்ந்தார். பெருங்களத்தூர் போனதை, பிளாஸ்டிக்கைக் கீறியதை, அக்காமேல் பழி போட்டதை எல்லாம் வரிசையாகச் சொன்னார். கேட்டது ஒரு பக்கம்தான், இரண்டாவது பக்கத்தைத் தொடவில்லை, சத்தியமாக என்றார். பாய் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் கோபப்படவில்லை.

"மொத வாட்டி அந்த மணியக் கேட்டப்ப எப்டி இருந்துச்சு சார்?" என்று கேட்டார்.

வில்பிரட் எழுந்து போய் ஃபேனைத் திரும்பப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.  பாய் தட்டைத் திருப்பிப் போட்டார்.

இரண்டாவது பக்கம் பேஸ் கிதாரில் மட்டும் மெதுவாக ஆரம்பித்தது. இதை வில்பிரட் நிஜமாகவே கேட்டதில்லை. ஆறுதலாகக் கண்ணை மூடப்போனவர், எதிரே பார்த்துவிட்டார். பாய் கண்ணை மூடவில்லை. ஃபேனை அணைத்த வில்பிரட்டின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வில்பிரட் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தார். மறைப்பது போலத் தெரியுமோ என்று எடுத்து மடியில் வைத்தார். விரல் அசைந்தால் தப்பு, அசையாவிட்டால் அதைவிடத் தப்பு. திடீரென்று இரண்டு டிரம்ஸும் ஒன்றாக இடிந்து விழுந்தன. தூக்கிவாரிப்போட, வில்பிரட் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டார். இது நிஜம். ஆனால் முதல் பக்கத்தில் அவர் நடித்த நாலுக்கும் இதற்கும் வெளியே ஒரு வித்தியாசமும் இல்லை. பாய் இதையும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டு ஓடி முடிந்து ஊசி நடுவில் கரகரத்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"இந்தப் பக்கத்துல இன்னா வந்துச்சுன்னே எனக்குத் தெர்ல சார்," என்றார் பாய். "உங்களையே பாத்துகினு இருந்துட்டேன்."

வில்பிரட்டுக்கும் அந்த ஓர் இடியைத் தவிர ஒன்றும் ஞாபகமில்லை. இன்னொரு தடவை போட்டுக் கேட்கலாம் பாய் என்று சொல்ல வாயெடுத்தார். போட்டால் அது இரண்டாம் தடவையாகத்தான் இருக்கும் என்பது உறைத்து, வாயை மூடிக்கொண்டார்.